மரம் ஏற்றிய பாதையில் நடந்தோம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் பேச அழைத்தபோது சங்கத்தார் எங்களிடம் ஒரு வைத்தியப் பேச்சைத்தான் எதிர்பார்த்தார்கள். நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று நினைத்திருப்பார்கள். அதை மருத்துவ முகாமுக்கு வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் வகுப்பைச் சேர்ந்த ஒன்பது பேர் சிங்கராஜ வனத்துக்குப் போய் வந்தோம். அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். சங்கத்தாரும் பெருந்தன்மையோடு சரி என்றார்கள். ஆகவே இது எங்கள் ஒன்பது பேரின் உரை. பேசும் வாய் மட்டும் ஒன்று.

தங்கைமாருக்கு ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். நாங்கள் இங்கே படித்த 1990களில், சிங்கராஜ வனம் எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இருந்த ஒரு சிறிய படம். புவியியல் டீச்சர் இலங்கைப் படத்தை வரையச் சொல்லி, தென்மேற்கில் ஒரு துண்டைப் பச்சைப் பென்சிலால் தீட்டச் சொல்வார். “ஒரு நாளைக்கு நீங்களும் போய்ப் பார்ப்பீங்க பிள்ளைகள்” என்பார். கல்லடிப் பாலத்தைத் தாண்டி ரவுணுக்குப் போகவே அடையாள அட்டையும் வரிசையும் வேண்டியிருந்த காலம் அது. டீச்சரின் வார்த்தையை நாங்கள் சந்திரனுக்குப் போவது போலக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் தலைமுறைக்குக் காடு என்றால் பயம். எழுவான்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் காடு என்பது வாவிக்கு அப்பால், படுவான்கரைக்கும் அப்பால் இருப்பது. அங்கிருந்து விறகு வரும், தேன் வரும், இரவில் வெடிச் சத்தமும் வரும். விறகுக்கும் தேனுக்கும் போனவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. எங்கள் ஒன்பது பேரில் ஒருத்தியின் தகப்பனாரும் அப்படிப் போனவர்தான். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. அவளுடைய சம்மதத்தோடுதான் இதை இங்கே சொல்கிறோம்.

கல்லடியிலிருந்து விடியற்காலை வானில் புறப்பட்டோம். மொனராகலை, வெல்லவாய, உடவளவை, பெல்மதுளை என்று இறங்கி, இரத்தினபுரிக்கும் அங்கிருந்து கலவானவுக்கும் போய், வெத்தாகல வழியாகக் குடாவ கிராமத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கனடாவிலிருந்து வந்த தோழி வழி நெடுகத் தூங்கினாள். மற்றவர்கள் வழி நெடுகப் பேசினோம். ஒரே தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைப் பக்கம் போக ஒரு பகல் போதும். எங்களுக்கு அந்த ஒரு பகல் கிடைக்க நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் வனப்பாதுகாப்புத் திணைக்களத்தின் அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு எடுத்தோம். வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. எங்களுக்குக் கிடைத்தவர் அதே கிராமத்தவர், ஐம்பது வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கள் சிங்களம் வைத்தியசாலைச் சிங்களம். “எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாய்” என்பதைத் தாண்டினால் தடுமாறும். அதை வைத்துக்கொண்டே சமாளித்தோம்.

வாசலில் அந்தத் தோழி நின்றுவிட்டாள். “நான் வானுக்குள்ள இருக்கிறன், நீங்க போயிற்று வாங்க” என்றாள். நாங்கள் யாரும் வற்புறுத்தவில்லை. வழிகாட்டிக்கு விசயம் தெரியாது. அவர் அட்டைக் கடிக்குப் பயந்து நிற்கிறாள் என்று நினைத்து, சவர்க்காரக் கட்டி ஒன்றை நனைத்து எடுத்துவந்து, “காலில் பூசுங்கள் மிஸ், ஒன்றும் செய்யாது” என்று நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள், சிரித்தாள், குனிந்து பூசினாள். பிறகு எங்களோடு நடந்தாள்.

நாங்கள் நடந்தது அகலமான, அதிக ஏற்றமில்லாத ஒரு பாதை. இவ்வளவு பழைய காட்டுக்குள் இப்படி ஒரு பாதை எப்படி வந்தது என்று கேட்டோம். “இது மரம் ஏற்ற லொறி போன பாதை” என்றார் வழிகாட்டி.

அந்தக் கதையைத் தங்கைமார் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கராஜ 1875இலேயே ஒதுக்கப்பட்ட காடாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. ஆனால் அறிவிப்பு மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. 1970களின் தொடக்கத்தில், கொஸ்கமவில் அமைத்த ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக, அரசே இந்தக் காட்டில் இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டத் தொடங்கியது. நாட்டுக்குத் தொழில் வேண்டும், வேலை வேண்டும் என்ற நியாயம் அதற்குச் சொல்லப்பட்டது. இயற்கை ஆர்வலர்களும் விஞ்ஞானிகளும் பொதுமக்களும் விடாமல் எதிர்த்தார்கள். 1977இல் வெட்டுவது நின்றது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசிய மரபுரிமை வனமாகவும், அதே ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் ஆனது. இன்று வெளிநாட்டவர் விமானம் ஏறி வந்து பார்க்கும் காடு, ஒட்டுப்பலகையாகிப் போகாமல் தப்பியது சிலர் “வேண்டாம்” என்று சொன்னதால்.

எவ்வளவு பெரிய காடு என்று நினைக்கிறீர்கள்? உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட பரப்பு 8,864 ஹெக்டயர். கிழக்கு மேற்காக 21 கிலோமீற்றர். அகலம் மிகக் கூடிய இடத்தில் 7 கிலோமீற்றர். நமது வாவியின் நீர்ப்பரப்பைவிடச் சிறியது. அந்தச் சிறு துண்டுக்குள் உள்ள மர இனங்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவை உலகில் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. இந்தத் தீவு கோண்டுவானா என்ற பழைய பெருநிலத்தின் துண்டாக இருந்த காலத்து உறவுகளை அங்குள்ள தாவரங்கள் இன்றும் காட்டுகின்றன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்கு மழை என்றால் மாரி. மாரியில் பெய்து வெள்ளம் போட்டுவிட்டுப் போனால், கோடையில் கிணறு காயும். சிங்கராஜவுக்கு இரண்டு பருவக்காற்றும் மழை கொடுக்கும். ஆண்டுக்கு 3,000 முதல் 5,000 மில்லிமீற்றர் வரை பெய்கிறது. அங்கே பல மரங்களின் இலைகள் நுனியில் நீண்டு கூராக இருக்கின்றன. இலையில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்காமல், வடிந்து போவதற்கான ஏற்பாடு அது. ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தோம். தவறணை மழைக்கோட்டின் விளிம்பு போல நுனியில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருந்தது.

பாதையின் இருபுறமும் நின்றவை பெரும்பாலும் மெல்லிய, வெளிச்சத்தை விரும்பும் மரங்கள். கிளைப்பாதையில் சிறிது தூரம் உள்ளே போனதும் காடு மாறிவிட்டது. வானம் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் பெருமரங்கள். ‘நவந்த’ என்று அவர்கள் சொல்லும் ஒரு மரத்தைச் சுற்றி நின்று கைகோத்துப் பார்த்தோம். வெட்டு நின்று அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. பாதையோரம் ஏன் இன்னும் இப்படி இருக்கிறது என்று கேட்டோம். அந்தப் பெருமரங்களின் விதைகள் தாய்மரத்துக்குப் பக்கத்திலேயே விழுகின்றனவாம். சில கிழமைகளுக்குள் முளைக்காவிட்டால் செத்துவிடுகின்றனவாம். மண்ணுக்குள் பல ஆண்டு தூங்கிக் காத்திருக்கும் பழக்கம் அவற்றுக்கு இல்லை. தாய்மரம் போனால் அந்த இடத்தில் பிள்ளையும் இல்லை. நோயாளியின் காயம் ஆறிவிட்டது என்று எழுதிக் கொடுக்கும் எங்களுக்கு இது நன்றாக விளங்கியது. தோல் மூடினாலும் உள்ளே ஆற வேறு கணக்கு இருக்கிறது.

ஆனால் ஆறவே ஆறாது என்றும் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை சாவித்திரி குணதிலக்கவும் அவருடைய கணவர் பேராசிரியர் நிமல் குணதிலக்கவும் 1970களிலிருந்து இந்தக் காட்டைப் படித்தவர்கள். 1993இல் அங்கே 25 ஹெக்டயர் நிலத்தை அளந்து, சுண்டுவிரல் பருமனான கன்று முதல் ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டுக் கணக்கெடுக்கும் பெரிய வேலை தொடங்கியது. 200,000க்கு மேற்பட்ட மரங்கள், 200க்கு மேற்பட்ட இனங்கள். காட்டின் எல்லையில் முன்பு பைன் மரம் நட்ட நிலங்களிலும் ஆய்வு நடந்தது. 1991 முதல் பைன் வரிசைகளில் சிலவற்றை நீக்கி, அந்த இடைவெளியில் காட்டுக்குரிய மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பைன் நிழல் கொடுத்தது, நீக்கிய வரிசை வெளிச்சம் கொடுத்தது, கன்றுகள் பிடித்துக்கொண்டன. தங்கைமாரே, உங்களில் தாவரவியல் படிக்க நினைப்பவர்கள் இதைக் கேளுங்கள். மரத்துக்கு இலக்கம் போடுவது, ஆண்டாண்டாக மறுபடி வந்து அளப்பது எல்லாம் ஒரு பெண் தன் வாழ்நாளைக் கொடுக்கத் தகுந்த வேலை.

அட்டைகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் எங்களோடு வந்தவர்கள் மன்னிக்க மாட்டார்கள். சவர்க்காரம், உப்பு, எலுமிச்சம்பழம், சித்தாலேப எல்லாம் கொண்டு போனோம். எல்லாவற்றையும் மீறி ஏறின. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் உண்டு. அதனால் அது விழுந்த பிறகும் இரத்தம் கசியும். ஆபத்தில்லை, அழுத்திப் பிடித்தால் போதும். இதை நாங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோதே கனடாத் தோழி எங்களைப் பொருட்படுத்தாமல் கத்திக்கொண்டிருந்தாள்.

உண்மையில் கவனிக்க வேண்டியது பாம்பு. வழிகாட்டி கையை நீட்டி எங்களை நிறுத்தினார். காய்ந்த இலைக்குள் காய்ந்த இலை போலவே சுருண்டு கிடந்தது, நுனிமூக்கு சற்று மேல்நோக்கிய சிறிய குழிவிரியன். இலங்கையில் அதிகமானோரைக் கடிக்கும் பாம்புகளில் இது ஒன்று. சிலருக்குச் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நமது வைத்தியசாலைகளில் கொடுக்கும் இந்தியப் பாம்புவிஷ முறிமருந்து இதற்கு வேலை செய்வதில்லை. ஊரில் தோட்டம் துப்புரவு செய்யும்போது சப்பாத்துப் போடுங்கள் என்று நாங்கள் சொல்வதன் காரணம் அதுதான். அது தன் பாட்டில் கிடந்தது. நாங்கள் எங்கள் பாட்டில் விலகிப் போனோம்.

ஒரு திருப்பத்தில், தடித்த கொடி ஒன்றைக் காட்டி “வெனிவெல்” என்றார். எங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் “மரமஞ்சள்!” என்றோம். காய்ச்சல், தடிமன் என்றால் எங்கள் அம்மம்மாமார் கொத்தமல்லியோடு அவித்துத் தந்த அதே மரமஞ்சள். கடையில் துண்டாகத்தான் பார்த்திருக்கிறோம், உயிரோடு பார்த்ததில்லை. அவருடைய வீட்டிலும் அதே கொத்தமல்லியோடுதான் அவிப்பார்களாம். அதன் பிறகு அவர் ஒவ்வொரு மரத்துக்கும் சிங்களப் பெயரைச் சொல்லி, தமிழில் என்ன என்று கேட்டு, தன் சிறு கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். ‘நா’ என்றால் நாகமரம் என்று எழுதினார். பாதி மரங்களுக்கு எங்களுக்குத் தமிழ்ப் பெயர் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

மரமஞ்சள் மெதுவாக வளரும் கொடி. மருந்துக்காக அடியோடு வெட்டி எடுப்பதால் குறைந்துவருகிறது. வல்லப்பட்டையின் கதை அதைவிட மோசம். அந்த மரம் காயப்பட்டால் உள்ளே வாசனைப் பிசின் உண்டாகும். அதற்கு வெளிநாட்டில் பெரிய விலை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கள்ளமாக வெட்டிக் கடத்துகிறார்கள். சட்டம் இருந்தாலும் காவல் தேவைப்படுகிறது.

நமக்கும் அந்தக் காடுகளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், நமது மாந்தீவை நினைத்துப் பாருங்கள். வாவி நடுவே தொழுநோயாளரைப் பிரித்து வைத்த வைத்தியசாலை அங்கேதான் இருந்தது. 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை, உலகெங்கும் தொழுநோய்க்கு வைத்தியர்கள் கொடுத்தது நீரடிமுத்து இனத்து மரங்களின் விதை எண்ணெய். அது முழுமையாகக் குணமாக்கவில்லை. ஊசியாகப் போட்டால் கடும் வலி. ஆனால் வேறொன்றும் இல்லாத காலத்தில் கையில் இருந்தது அதுதான். அந்த இனத்து மரங்கள் நமது நாட்டின் ஈரவலயக் காடுகளில் வளர்கின்றன. நாளைய நோய்க்கு எந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று இன்று நமக்குத் தெரியாது.

நண்பகலுக்குச் சற்று முன்பு, இதுவரை அமைதியாக இருந்த காடு திடீரென்று சத்தம் போட்டது. பறவைக் கூட்டம். ஓர் இனம் அல்ல, பத்துப் பன்னிரண்டு இனங்கள் சேர்ந்து, நாற்பது பறவைகள் அளவில், ஒரே கூட்டமாக இரை தேடிப் போகின்றன. செம்மஞ்சள் சொண்டுள்ள தவிட்டுக் குருவிகள்தான் கூட்டத்தின் பெரும்பகுதி. கரிக்குருவி காவல்காரன். பருந்து வந்தால் அது எச்சரிக்கும். மற்ற இனங்களின் குரலைப் போலவும் கத்தத் தெரிந்தது அது. நீல உடலும் சிவந்த சொண்டுமாக ‘கெஹிபெல்லா’ இரண்டு எங்கள் தலைக்கு மேலே வந்து அமர்ந்தன. இந்தக் காட்டில் 2001இல்கூட அதுவரை விஞ்ஞானம் அறியாத ஒரு சிறு ஆந்தையைக் கண்டார்கள். 2004இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். நாங்கள் க.பொ.த. உயர்தரம் எழுதியபோது அது பெயரில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது.

கூட்டம் கடந்து போன பிறகு, வாசலில் நின்ற தோழி மெல்லச் சொன்னாள்: “காடு இப்படிச் சத்தம் போடும் எண்டு எனக்குத் தெரியாது. வாப்பா அம்மாவாக்கள் சொல்ற காடு எப்பவும் சத்தமில்லாமத்தான் இருந்தது.” தகப்பனைப் பற்றி அவள் வேறொன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சிறிது நேரம் அங்கேயே இருந்தோம்.

திரும்பி வந்து வழிகாட்டியின் வீட்டில் வெறுந்தேத்தண்ணியும் கித்துள் பாணிக் கருப்பட்டியும் குடித்தோம். லங்காகம வீதியைப் பற்றிக் கேட்டோம். 2020இல் அந்தப் பழைய பாதையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தன் பாட்டியைக் காய்ச்சலோடு கதிரையில் வைத்து மைல்கணக்கில் தூக்கிப் போனதைச் சொன்னார். பிறகு, “வீதி அகலமானால் நோயாளி மட்டும் போவதில்லை” என்றார். வைத்தியர்களான எங்களுக்கு இதில் சுலபமான விடை இல்லை. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் மரத்துக்காகக் காத்திரு என்று சொல்ல முடியாது. அம்புலன்ஸ் போகத் தேவையான பாதை எவ்வளவு, அதற்கு மேல் எவ்வளவு என்பதை அளந்து பேசவேண்டும். அந்தப் பேச்சில் காட்டோர மக்களும் இருக்கவேண்டும். காட்டைக் காப்பதன் செலவு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, நாம் படம் பிடித்துக்கொண்டு வருவது நியாயமில்லை.

நமது கரைக்கும் இது பொருந்தும். நமக்கு மழைக்காடு இல்லை. கண்டல் இருக்கிறது, தில்லை இருக்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளரும் இடம் அந்த வேர்களுக்கிடையில். போர்க்காலத்தில் பாதுகாப்புக்காகவும், பிறகு இறால் பண்ணைக்கும் மண் நிரப்பி வீடு கட்டுவதற்குமாக அவை பல இடங்களில் அழிந்தன. 2004 மார்கழி 26ஆம் திகதி இந்தக் கல்லடியில் நாம் இழந்தவர்களை நினைக்கும்போது, மரங்கள் இருந்திருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது உண்மையும் அல்ல. கரையை வெறுமையாக்கிவிட்டு அமைதியாக இருக்க முடியாது என்று மட்டும் சொல்கிறோம். சிங்கராஜவில் “வேண்டாம்” என்று சொன்னவர்கள் யாரோ பெரிய மனிதர்கள் மட்டுமல்ல. வாவிக்கரையில் ஒரு லொறி மண் கொட்டப்படும்போது, பார்த்த முதல் ஆள் நாமாக இருக்கலாம்.

திரும்பி வரும் வழியில், வெல்லவாயவுக்கு அருகில், இருட்டில், அந்தத் தோழிதான் சொன்னாள்: “நம்மட பள்ளிப் புள்ளையள ஒருக்கா கூட்டி வரணும். பயப்பட முதல் கூட்டி வரணும்.”

அதனால் இந்த நூற்றாண்டு மலரைப் படிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும், கல்லடியில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும், எங்கள் ஒன்பது பேரின் வேண்டுகோள் இது. ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இரண்டு இரவு சிங்கராஜவுக்கு அனுப்புவோம். அதற்கு முன் ஒரு மாலை, நமது வாவிக்கரைக்குக் கூட்டிப்போய்க் கண்டலின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்போம். முதல் ஆண்டின் பஸ் செலவையும் தங்குமிடச் செலவையும் எங்கள் வகுப்பு ஏற்கிறது. அடுத்த ஆண்டை எந்த வகுப்பு ஏற்கும் என்பதை இன்று பகல் உணவுக்கு முன் செயலாளரிடம் சொல்லிவிடுங்கள்.

பின்வரிசைத் தங்கைமாரே, நீங்கள் போகும்போது ஒரு கொப்பி கொண்டு போங்கள். வழிகாட்டி மரத்தின் பெயரைச் சிங்களத்தில் சொல்வார். தமிழில் என்ன என்று உங்களிடம் கேட்பார். எங்களைப் போல விழிக்காமல் பதில் சொல்லுங்கள்.